கைராசி

மருத்துவமனையின் வாகன நிறுத்துமிடத்தில் இரண்டு கூண்டுகள் போட்டிருந்தார்கள். அலுமினியச் சட்டம், முன்பக்கம் கண்ணாடி, கண்ணாடியில் கை நுழைக்க இரண்டு ஓட்டை, ஓட்டைகளில் முழங்கைவரை வரும் ரப்பர் கையுறை. உள்ளே நர்ஸ், வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நோயாளி. ஊர் ஊராகத் தாவி உலகத்தையே படுக்கவைத்துக்கொண்டிருந்த புது ஃப்ளூ காய்ச்சலுக்கு மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுக்கும் இடம் அது. கூண்டுகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தாலும் வரிசைகள் அப்படி இல்லை. ஒன்றாம் கூண்டின் முன்னால் வேறு வழியில்லாத நாலைந்து பேர் நிற்பார்கள். இரண்டாம் கூண்டின் வரிசை ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி, கேன்டீன் சுவரைச் சுற்றிக்கொண்டு, கழிவறை வாசல்வரை போகும்.

இரண்டாம் கூண்டில் இருந்தவளுக்கு ஜனங்கள் வைத்த பெயர் பஞ்சுக்கை. ஒன்றாம் கூண்டில் இருந்த ஆண் நர்ஸுக்குக் கடப்பாரை.

"அந்தப் பக்கம் காத்தாடிக்கிட்டு இருக்கு, அங்க போங்களேன்" என்று காவலாளி தொண்டை வறளக் கத்துவார்.

"நீங்க போய் உட்காருங்களேன் சார். மூக்குல விட்டு பிடரி வழியா உருவறான் அந்த ஆளு."

"அதாவது பரவாயில்ல. அவன்கிட்ட போனவன் ஒருத்தனாவது நெகட்டிவ்வா வந்திருக்கானா? இந்தம்மா கைராசிக்காரங்க. இங்க எடுத்தா ஒண்ணும் இருக்காது."

கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவளுக்கு இதெல்லாம் காதில் விழும். சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுப்பாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கத்தான் செய்தது. பதினாறு வருஷமாக ஊசி போடுகிறாள், கட்டுக் கட்டுகிறாள், மலச்சட்டி எடுத்திருக்கிறாள். இதுவரை யாரும் அவளுக்கென்று வரிசையில் நின்றதில்லை.

தேநீர் நேரத்தில் கடப்பாரை வந்து சுவரில் சாய்ந்துகொள்வான். முகக்கவசத்தின் தடம் கன்னத்தில் பள்ளமாக இருக்கும்.

"உனக்கென்ன மகாராணி. உன் வரிசையில இருந்து போறவன் சிரிச்சுக்கிட்டே போறான். என்கிட்ட இருந்து போறவன் என் அம்மாவ இழுத்துட்டுப் போறான்."

"கொஞ்சம் மெதுவா பண்ணுடா. மாட்டுக்கு மருந்து புகட்டற மாதிரி பண்ணா திட்டாம என்ன செய்வாங்க?"

"மெதுவாத்தான் பண்றேன். போற தூரம் போகணுமா இல்லையா?"

அவன் பிடிவாதக்காரன் என்று அவள் அத்தோடு விட்டுவிடுவாள்.

பயிற்சி என்று ஒரே ஒரு முற்பகல் நடந்தது. பாதியாக அறுத்த பிளாஸ்டிக் தலை ஒன்றை மேஜைமேல் வைத்து, குச்சியை மேல்நோக்கி விடாமல் மூக்கின் தரையை ஒட்டி நேராகப் பின்னால் விட வேண்டும், தடுக்கும் இடத்தில் நிறுத்திச் சில நொடிகள் சுழற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிளாஸ்டிக் தலை அழவில்லை. அவளும் சொன்னபடி செய்தாள். கூண்டில் வேலை தொடங்கியதும் அப்படியேதான் எடுத்தாள். இரண்டாவது நாள் ஒரு வயதான அம்மாவுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, புடவை முழுக்க நனைந்து, அந்த அம்மாவின் மகன் கண்ணாடியில் ஓங்கிக் குத்தினான். விரிசல் இன்னும் இருக்கிறது. அதன்பிறகு யாராவது கண்ணை இறுக்கினால் போதும், அவள் கை தானாக நின்றுவிடும். லேசாகக் கூசும் இடத்தில் குச்சியை இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்துவிடுவாள். சளி சளிதானே, முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு. நினைப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. வரிசை நகர வேண்டும், ஒருவரும் அழக் கூடாது, அவ்வளவுதான்.

தம்பி தன் மனைவியை அழைத்து வந்தது ஒரு திங்கட்கிழமை. தம்பிக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அவன் மனைவி ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஏழு மாதம். வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கத் தொடங்கிய பிறகும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஆண்களை அதட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாளிலிருந்து காய்ச்சல், இருமல், உடம்பை அடித்துப்போட்டாற்போல் வலி.

"என்ன அண்ணி, சொந்தக்காரிக்கும் இதே வரிசைதானா? ஒரு சிபாரிசு கிடையாதா?"

"வயித்துல வெச்சிருக்கியே, அதைவிட பெரிய சிபாரிசு வேணுமா? உட்காரு."

"வலிக்குமா?"

"எங்கிட்டயா கேக்கற?"

குச்சி போனதே தெரியவில்லை என்றாள் அவள். நாற்காலியைவிட்டு எழுந்து, "பாத்தியா, உங்கக்கா கை" என்று கணவனிடம் பெருமையடித்துக்கொண்டாள். தம்பி சிரித்தான்.

மறுநாள் முடிவு வந்தது. நெகட்டிவ்.

மருத்துவமனையில் அப்போது ஒரு விதி இருந்தது. வைரஸை அடக்கும் மாத்திரை கையிருப்பில் கொஞ்சம்தான். பாசிட்டிவ் வந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பார்கள், அதிலும் கர்ப்பிணிகளுக்கு முதலில். நெகட்டிவ் வந்தவர்களுக்குக் காய்ச்சல் மாத்திரை, நிறையத் தண்ணீர், வீடு. முடிவைக் கேட்டதும் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு. தம்பிக்கு அவளே போன் போட்டுச் சொன்னாள்.

"சாதாரண காய்ச்சல்தான்டா. ரெண்டு நாள்ல இறங்கிடும். அவள வண்டி ஓட்டப் போகாம பாத்துக்க, அது போதும்."

வியாழக்கிழமை வேலைக்கு நடுவில் போன் வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு எடுக்க அவளுக்கு நேரமாயிற்று.

"அக்கா, அவளால ஒரு வார்த்தைய முழுசா முடிக்க முடியல. பாதியில நிறுத்தி மூச்சு வாங்கறா. உதடு வேற ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரின்னா?"

"நீல மை தொட்ட மாதிரி."

"கூட்டிட்டு வா. துணி மாத்தாத, எதுவும் எடுக்காத, அப்படியே கூட்டிட்டு வா."

விரலில் மாட்டிய கிளிப் ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்து நாலுதான் என்று காட்டியது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலின் கீழ்ப்பாதியும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கட்டி, இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். வார்டு டாக்டர் பல நாள் தூங்காத கண்களோடு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஃப்ளூ நெகட்டிவ். அப்போ இது வேற நிமோனியா. ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சிருக்கேன்."

"டாக்டர், ஃப்ளூ வார்டுல மட்டும் போட வேண்டாம். இருக்கறது போதாதுன்னு அதையும் ஒட்டிக்கப் போவுது" என்று அவள்தான் கெஞ்சினாள்.

"பாசிட்டிவ்காரங்க நடுவுல எப்படிப் போடுவேன்? பொது வார்டுலதான்."

பொது வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. அடுத்த கட்டிலில் சிறுநீரகம் கெட்டு ரத்தம் சுத்திகரிக்க வந்திருந்த ஓர் அம்மா. அந்தப் பக்கம் ஓர் இதய நோயாளி. தம்பி மனைவி இருமியபோது அடுத்த கட்டில் அம்மா எழுந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். "புள்ளத்தாச்சிப் பொண்ணு, பாவம்" என்றாள். பஞ்சுக்கை அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, வரிசை காத்திருக்கிறதே என்று கூண்டுக்குத் திரும்பினாள்.

அன்றே பகல் சாப்பாட்டுக்கு முன்னால் ஆய்வக டாக்டரம்மா கூண்டருகே வந்து நின்றார். மூன்றாம் மாடியைவிட்டு லேசில் இறங்காதவர். பஞ்சுக்கை அவரை இதற்குமுன் லிஃப்டில் ஓரிரு தடவை பார்த்ததோடு சரி.

"ரெண்டாம் கூண்டு எப்பவும் நீங்கதானா?"

"ஆமா டாக்டர்."

"இவருக்கு எடுத்து முடிங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நாற்காலியில் இருந்தவர் கண்ணை மூடினார். கூச்சத்தில் உதடு சுளித்தார். முடிந்துவிட்டது. "அவ்ளோதானா? தங்கக் கை மா" என்று எழுந்து போனார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"கூண்டை மூடிட்டு வாங்க."

ஆக்சிஜன் சிலிண்டர்கள் அடுக்கியிருந்த கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"குச்சி எதுவரைக்கும் போச்சு?"

"போக வேண்டிய வரைக்கும்."

"உங்க விரல்ல காட்டுங்க."

சுட்டுவிரலில் காட்டினாள். முதல் கணுவைத் தாண்டி ஒரு துளி. டாக்டரம்மா தன் மூக்கு ஓட்டையிலிருந்து காதுவரை விரலால் அளந்து, அதில் பாதியில் நிறுத்தினார்.

"இவ்ளோ தூரம் போகணும். அங்கதான் அது குடியிருக்கு. நீங்க வாசல்லயே நின்னு ஒரு குரல் குடுத்துப் பாத்துட்டு, வீட்ல ஆளில்லன்னு திரும்பிட்டீங்க."

அவளுக்கு முகம் சூடேறியது. "எத்தனை பேருக்கு எடுத்திருக்கேன் டாக்டர். ஒருத்தர் குறை சொன்னதில்ல. மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும்."

"இவ்ளோ நெகட்டிவ் வருதேன்னு நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். ரசாயனம் கெட்டுப்போச்சோன்னு மாத்திப் பாத்தோம். குச்சி போட்டு அனுப்பற குழாய் வெயில்ல இருந்துதோன்னு பாத்தோம். கூண்டு வாரியாப் பிரிச்சுப் பாக்கணும்னு இன்னிக்குக் காலையிலதான் எங்களுக்கே புத்தி வந்துது." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒவ்வொரு குழாயிலயும் முதல்ல மனுஷனோட செல் இருக்கான்னு மெஷின் பாக்கும். இருந்தாத்தான் குச்சி ஒழுங்கா பட்டிருக்குன்னு அர்த்தம். ஒண்ணாம் கூண்டு ஆளு அனுப்பற குழாய்ல கொத்துக் கொத்தா இருக்கு. உங்களோடதுல இருந்தும் இல்லாத மாதிரி இருக்கு. செல்லாதுன்னு ஒதுக்கற அளவுக்கும் குறையல. நாங்க நெகட்டிவ்னு எழுதி அனுப்பிட்டோம்."

"அப்போ என்னோட நெகட்டிவ் எல்லாம்..."

"நெகட்டிவ் இல்லம்மா. அதுக்கு அர்த்தமே இல்ல. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

எங்கேயோ ஒரு வண்டி பின்னால் வருவதற்கான மணி விட்டு விட்டு ஒலித்தது. அவள் தன் கையைப் பார்த்தாள். வியர்வையில் ஊறி விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. கழிவறை வாசல்வரை நின்ற வரிசை, தினம் தினம் நின்ற வரிசை, அதிலிருந்த முகங்கள், எல்லோரும் சிரித்தபடி பேருந்து ஏறிப் போனது கண்முன் வந்தது. யாருடைய முகமும் தனியாகத் தெரியவில்லை. ஒரே ஒரு முகத்தைத் தவிர.

அவள் ஓடினாள். டாக்டரம்மா பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டும் நிற்கவில்லை.

வார்டு டாக்டர் வராந்தாவில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"டாக்டர், என் தம்பி பொண்டாட்டியோட ஃப்ளூ டெஸ்ட்டை நம்பாதீங்க. அது நான் எடுத்தது. நான் சரியா எடுக்கல."

"என்னம்மா சொல்றீங்க?"

"குச்சி உள்ள போகவே இல்ல. யாருக்கும் போகல. ஆய்வக டாக்டரம்மா இப்பத்தான் வந்து சொன்னாங்க. மாத்திரை குடுங்க டாக்டர், முதல்ல மாத்திரை குடுங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"ஏழு மாசக் கர்ப்பிணி, காய்ச்சல், மூச்சுத் திணறல். ஊர் முழுக்க ஃப்ளூ" என்றார், தனக்குத்தானே பாடம் ஒப்பிப்பதுபோல. "டெஸ்ட்டே இல்லாமக்கூட நான் குடுத்திருக்கணும். ரிப்போர்ட்டைப் பாத்தேன், ஆளைப் பாக்கல." பிறகு திடுக்கிட்டு நிமிர்ந்தார். "பொது வார்டுல படுக்கவெச்சிருக்கேனே! பக்கத்துல யாரு?"

இருவருக்கும் தெரியும். இருவரும் வார்டுக்குள் விரைந்தார்கள்.

மாத்திரை உடனே வந்தது. ஆரம்பத்திலேயே, முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்திருந்தால் நல்ல பலன் இருந்திருக்கும், இப்போதும் வீண் இல்லை, கொடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் தம்பியிடம் சொன்னார். தம்பி அதில் பாதியைத்தான் கேட்டான். அக்காவைப் பார்த்தான்.

"அக்கா, அந்த டெஸ்ட் நீ எடுத்ததுதானே?"

"ஆமாடா."

அவன் திரும்பி மனைவியின் கட்டிலுக்குப் போனான். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவளுக்கு.

புதிதாக ஒரு மாதிரி எடுக்கச் சொன்னார் டாக்டர். அவள் கடப்பாரையை அழைத்து வந்தாள். அவனைக் கண்டதும் தம்பி மனைவி மாஸ்க்கோடு தலையை ஆட்டினாள். மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தி, ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கி வெளியே போட்டாள்.

"இவர் வேணாம்... அண்ணி... நீங்க எடுங்க... உங்க கை... வலிக்காது."

கடப்பாரை குச்சியை அவளிடம் நீட்டினான். "நீயே எடு. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றான் மெல்ல.

அவள் தம்பி மனைவியின் தலையைப் பின்னால் சாய்த்தாள். குச்சி கூசும் இடத்தைத் தொட்டது. அவள் கை பழக்கத்தில் நின்றது.

"இன்னும்" என்றான் கடப்பாரை.

தள்ளினாள். தம்பி மனைவியின் கால்கள் மடங்கின. கட்டில் கம்பியை இறுகப் பிடித்தாள்.

"இன்னும். மேல தூக்காத, நேரா."

குச்சி எங்கேயோ முட்டியது. அங்கே நிறுத்திச் சுழற்ற வேண்டும். தம்பி மனைவியின் கண்களிலிருந்து நீர் காதுவரை வழிந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, வண்டி கிளம்ப மறுக்கும்போது வருமே அதுபோல. ஒரு கையால் அண்ணியின் மணிக்கட்டைப் பற்றித் தள்ளினாள். தள்ள பலம் இல்லை.

எடுத்த குச்சியின் நுனி கனமாக நனைந்திருந்தது. இதுவரை தன் கையிலிருந்து இப்படியொரு குச்சி போனதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மாஸ்க்கை மாட்டிவிட்டபோது தம்பி மனைவி முகத்தை ஜன்னல்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாலையில் முடிவு வந்தது. பாசிட்டிவ். அதற்குள் தம்பி மனைவியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். பொது வார்டில் அவளருகே இருந்த எல்லோருக்கும் முன்னெச்சரிக்கையாக மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீரகக்கார அம்மாவுக்கு அளவைக் குறைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. "எனக்கெதுக்கு இது? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று அந்த அம்மா கேட்டபோது, பஞ்சுக்கை தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் முதல் இரண்டாம் கூண்டு பூட்டியிருந்தது. அவளையும் இரண்டு பயிற்சி நர்ஸுகளையும் மாடியில் ஓர் அறையில் உட்காரவைத்து, அவள் கூண்டில் எடுத்து நெகட்டிவ் என்று அனுப்பிய எல்லோரையும் போனில் கூப்பிடச் சொன்னார்கள். காய்ச்சல் இருக்கிறதா, மூச்சு எப்படி, வீட்டில் கர்ப்பிணி உண்டா, வயதானவர் உண்டா என்று விசாரிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் உடனே வரச்சொல்ல வேண்டும். யாருடைய தவறு என்று சொல்லத் தேவையில்லை என்று கண்காணிப்பாளர் சொல்லியிருந்தார். அவள் ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

"டெஸ்ட் எடுத்தது நான்தான். சரியா எடுக்கல. திரும்ப வாங்க."

சிலர் கெட்ட வார்த்தை சொன்னார்கள். பெரும்பாலோர் நம்பவில்லை. "சும்மா இருங்கம்மா, எனக்கு மூணாம் நாளே சரியாப்போச்சு. எல்லாம் உங்க கைராசி" என்றார் ஒருவர். இன்னொரு பெண் இருமிக்கொண்டே, "நெகட்டிவ்தானேன்னு நேத்துதான் கல்யாண வீட்டுக்குப் போய்ட்டு வந்தேன்" என்றாள். "நல்ல கூட்டம்."

ஒரு வீட்டில் ஓர் இளம்பெண் எடுத்தாள்.

"அப்பாவா? அப்பா செவ்வாக்கிழமை தவறிட்டாரு. ஃப்ளூ இல்லன்னு சொல்லிட்டாங்க இல்ல, அதனால நெஞ்சு அடைப்புன்னு நினைச்சோம். தூக்கத்துலயே போயிட்டாரு. நீங்க யாரு பேசறது?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"டெஸ்ட் எடுத்த நர்ஸ்."

"நீங்களா அக்கா? உங்களப் பத்தி வீட்டுக்கு வந்து சொல்லிட்டே இருந்தாரு. துளிகூட வலிக்கலன்னு. பயந்துக்கிட்டே போனவரு..." அந்தப் பெண் அழத் தொடங்கினாள். "ரொம்ப நன்றிக்கா."

"நன்றி சொல்லாதம்மா" என்றாள் அவள். "நான் சொல்றத கேளு. அழாம கேளு." எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் அழுகை நின்றது. அப்புறம் அந்தப் பெண், "அம்மாவுக்கும் நேத்துலேர்ந்து காய்ச்சல் அடிக்குது" என்றாள்.

"ஆம்புலன்ஸ் அனுப்பறேன். போனை வெச்சிராத. வீடு எங்க, சொல்லு."

தம்பி மனைவிக்கு மூன்று நாள் இழுபறியாக இருந்தது. குழாய் போட்டு மெஷினில் இணைக்க வேண்டியிருக்குமோ என்று ஒரு பகல் முழுக்க டாக்டர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். மகப்பேறு டாக்டர் வந்து வயிற்றில் கருவியை வைத்து, குழந்தையின் இதயத் துடிப்பை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தார். குதிரை ஓடுவதுபோல் கேட்டது. நாலாம் நாள் காலையில் ஆக்சிஜனின் அளவைக் குறைத்தும் கிளிப்பில் எண் இறங்கவில்லை. காய்ச்சல் விட்டிருந்தது. தம்பி கண்ணாடிக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனான்.

அவள் கவச உடை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். தம்பி மனைவி கண்ணைத் திறந்தாள். மாஸ்க்குக்குப் பதிலாக மூக்கில் சின்னக் குழாய்தான் இருந்தது. உதடு வெடித்துக் கிடந்தது. ஆனால் சிவப்பாக இருந்தது.

"உங்க தம்பி எல்லாம் சொன்னாரு" என்றாள். குரல் கரகரத்தது.

"ம்."

"ரெண்டாவது தடவ உயிர் போற மாதிரி வலிச்சுது அண்ணி."

"தெரியும்."

"முதல் தடவையே அப்படி வலிக்க வெச்சிருக்கலாம் இல்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்பவனிடம் ஏன் பிரேக் போடவில்லை என்று கேட்பதுபோல, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள்.

பஞ்சுக்கை ஈரத் துணியால் அந்த உதட்டை ஒற்றினாள். மாடியில் இன்னும் பாதிப் பேருக்குப் போன் போட வேண்டியிருந்தது.